ஊழிய மீனின் வாய்

1982ஆம் ஆண்டு ஜூலை 12, திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். கல்லூரி விலங்கியல் துறையின் அருங்காட்சியக அறையில் நான் ஒரு நட்சத்திர மீனுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். துறை ஊழியர் கருப்பையா அண்ணன் வாசலில் வந்து நின்றார். உறவில் யாரோ காலமானதைத் தெரிவிக்கும் தணிந்த குரலில், "தாயி, மஞ்ச மீனுக்கு வாலைக் காணோம்" என்றார்.

நேரத்தை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. தொட்டிப் பதிவேட்டில் அன்றே குறித்துவைத்தேன். அதற்கு அடுத்த வரியில், "வால் இல்லை என்பது மிகை. மேற்பகுதியில் ஒரு துண்டு மட்டும் இல்லை" என்றும் எழுதினேன்.

பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பின் இதை எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் இருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் இளம்பெண் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். பழைய குப்பிகளைத் திறந்து, உள்ளிருப்பவற்றைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுகிறார்களாம். கைப்பேசியை மீனுக்கு நேரே பிடித்தால் அதுவே பெயரைச் சொல்லிவிடுகிறதாம்.

"ஒரே ஒரு குப்பிக்கு மட்டும் அது ரெண்டு பேரு சொல்லுது மேடம். சரின்னு உள்ள கிடந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் வேற என்னமோ எழுதியிருக்கு. உங்க கையெழுத்துதான்."

"என்ன எழுதியிருக்கு?"

"'வலையை முரட்டுத்தனமாகக் கையாண்டதால் மீனின் வாலில் அரைவட்ட'. அம்புட்டுத்தான். அதுக்கு மேல இல்ல. அந்த மீனு என்ன குத்தம் பண்ணுச்சு மேடம்?"

தொலைபேசியில் சொல்லி முடிகிற குற்றமல்ல அது. துறை மலருக்கு எழுதித் தருவதாகச் சொன்னேன்.

நான் விலங்கியல் படித்தவள் அல்லள். தமிழ் இலக்கியத்தில் இளங்கலை முடித்து, முதுகலையை அஞ்சல்வழியில் படித்துக்கொண்டிருந்தேன். நேர்காணலுக்கு வந்திருந்த மற்ற இருவரும் விலங்கியல் பட்டதாரிகள். துறைத் தலைவர் பேராசிரியர் சபாபதி என் கையெழுத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு என்னைத் தேர்ந்தெடுத்தார். "அந்த ரெண்டு பேருக்கும் விஷயம் தெரியும். தெரிஞ்சவங்க அபிப்பிராயம் சொல்லுவாங்க" என்று பிறகு ஒருமுறை விளக்கமும் தந்தார். என்னைத் 'தமிழ்' என்றே அழைப்பார். எனக்கு அபிப்பிராயங்கள் இருந்தன. ஆனால் ஏழு மாதங்களாக யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

வேலை எளியதுபோலத் தோன்றும். ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு சீட்டு. சீட்டைக் குப்பிக்கு வெளியே ஒட்டக் கூடாது. கரப்பான் பூச்சி பசைக்காகத் தின்றுவிடும். உள்ளேதான் போட வேண்டும். ஃபார்மலினில் கரையாத இந்தியன் இங்க், ஊறினாலும் கிழியாத தடித்த லெட்ஜர் தாள். இந்தத் தாள் துறையில் இரண்டு காரியங்களுக்கு மட்டுமே பயன்பட்டது. ஒன்று குப்பிச் சீட்டு. மற்றொன்று பேராசிரியர் ஊழியர்களுக்குத் தரும் மெமோ. இரண்டும் நீண்ட காலம் நிற்க வேண்டியவை என்பது அவர் கருத்து.

உயிருள்ள மீனுக்கும் சீட்டு உண்டு. மதுரையில் கடல்மீனுக்கு ஆயுள் கெட்டியில்லை என்பதால், மீன் தொட்டிக்குள் இறங்கும் நாளிலேயே அதன் குப்பிச் சீட்டும் தயாராக வேண்டும் என்பது விதி. கண்ணெதிரே நீந்தும் ஒன்றுக்கு இப்படி எழுதிவைப்பது முதலில் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

பேராசிரியர் ஒரு உயிரினத்துக்குப் பெயர் சூட்டும் முறையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். குப்பியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்குவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியால் துடைப்பார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்ளாமல் கண்களை மூடி, இலத்தீன் பெயரை ஒரு மூச்சில் சொல்வார். பிறகு, "ஐயமில்லை" என்பார். நான் சேர்வதற்கு முன் "நோ டவுட்" என்றுதான் சொல்வாராம். தமிழ் படித்த பெண் வந்ததால் மாற்றிக்கொண்டார். ஐயமில்லை என்று சொல்லப்பட்ட சீட்டு அதன்பின் மாற்றப்பட்டதே இல்லை. துடுப்பு முட்களை ஊசிமுனையால் தொட்டுத் தலையிலிருந்து வால்வரை மூன்று முறை எண்ண வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். அவர் எண்ண மாட்டார். "எண்ணிப் பாக்குறது சந்தேகக்காரன் வேலை" என்பார்.

அந்த ஆண்டு ஜூலை 14 அன்று கல்லூரியில் கண்காட்சி. துணைவேந்தர் வருவதாக ஏற்பாடு. குப்பிகளை எல்லாத் துறையும் காட்டும்; நாம் உயிருள்ள பவளப்பாறை மீன்களைக் காட்டுவோம் என்று பேராசிரியர் முடிவெடுத்தார். கப்பலூர்ப் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, நான்கடிக் கண்ணாடித் தொட்டி தயாராயிற்று. கருப்பையா அண்ணன் கடலோர ஊரான மண்டபத்துக்குச் சென்று, கடல்நீரையும் மீன்களையும் மூடியில் துளையிட்ட கேன்களில் பாசஞ்சர் ரயிலில் கொண்டுவந்தார். வழி நெடுகச் சைக்கிள் பம்பும் ரப்பர்க் குழாயும் வைத்துத் தண்ணீருக்குள் காற்றடித்துக்கொண்டே வந்திருக்கிறார். பரமக்குடியில் ஏறிய ஒரு பெண்மணி கேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கிலோ எம்புட்டு?" என்று கேட்டாராம். "இது கொழம்பு மீனு இல்ல ஆத்தா, காலேசுக்குப் போற மீனு" என்று சொல்லிவிட்டு, காற்றடிப்பதை நிறுத்தவில்லை என்றார். வந்த மறுநாள் அவரால் வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

வந்தவை நான்கு. மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி மீன்கள் இரண்டு. சோம்பலான ஒரு சிறு களவா மீன். பிறகு விரல் நீளத்தில், வெளிர்நீல உடம்பில் தலையிலிருந்து வால்வரை ஒரே கறுப்புக் கோடு ஓடிய ஒரு மெல்லிய மீன். அந்த நான்காவதைக் கண்டதும் பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டும் புழுபூச்சிகளைத் தின்று சுத்தம் செய்யும் மீன் அது என்றார். பவளப்பாறையில் பெரிய மீன்கள் அதனிடம் வரிசையில் வந்து, துடுப்பை விரித்து, வாயைத் திறந்து, அசையாமல் நின்று கொடுக்குமாம். பசித்த மீன்கூட அதை விழுங்காதாம். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், கண் மூடினார். "ஐயமில்லை. தமிழ், இதுக்கு ஒரு நல்ல தமிழ்ப் பேர் சொல்லுங்க."

'ஊழிய மீன்' என்றேன். ஏழு மாதத்தில் என் வாயிலிருந்து கேட்டு வாங்கப்பட்ட முதல் அபிப்பிராயம் அது. அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. மூன்றடிப் பலகையில் பெரிதாக எழுதச் சொன்னார். அன்று முதல் துறையில் யாருக்கும் நிம்மதியில்லை. தாமதமாக வந்த விரிவுரையாளரைத் தொட்டிக்கு முன் நிறுத்தி, "இதைப் பாருங்க. லீவு கேக்குதா? இன்கிரிமென்ட் கேக்குதா?" என்பார்.

"சம்பளத்தை அப்பப்பக் கையோட வாங்கிக்கிருதுல்ல சார்" என்றார் கருப்பையா அண்ணன், தரையைத் துடைத்தபடி. பேராசிரியர் அவரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பின்னணி உண்டு.

கருப்பையா அண்ணனுக்கு ஏற்கெனவே இரண்டு மெமோக்கள் இருந்தன. முதலாவது, மழைநாளில் நனைந்த சட்டையை மனித எலும்புக்கூட்டின் தோளில் காயப்போட்டதற்கு. இரண்டாவது, தவளைகள் வைத்திருந்த குளிர்பெட்டியில் தம் மோர்ச் செம்பையும் வைத்ததற்கு. யாருடையது என்று தெரியாமல் அந்த மோரை ஒருநாள் குடித்துவிட்டவர் பேராசிரியர் என்பதால் குற்றம் கனத்துவிட்டது. மூன்றாவது மெமோ வந்தால் வேலை போகும் என்பது நிர்வாகத்தின் விதி. சமயநல்லூரிலிருந்து தினமும் சைக்கிளில் வருபவர். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று ஒன்றை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

திங்கட்கிழமை மஞ்சள் மீனின் வாலில் துண்டு காணாமற்போனதைப் பேராசிரியர் வந்து பார்த்தார். தொட்டியைக் கழுவும்போது மீன்களை வலையில் பிடித்து மாற்றுபவர் கருப்பையா அண்ணன். ஆகவே வழக்கு ஒரு நிமிடத்தில் முடிந்தது.

"சார், பச்சைப் பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரிதான் சார் எடுத்தேன்."

"ஐயமில்லை" என்றார் பேராசிரியர். அது மீனின் பெயரன்று, தீர்ப்பு என்பது எங்கள் மூவருக்கும் விளங்கியது. தம் அறைக்கு என்னை அழைத்து மெமோவைச் சொன்னார், நான் குறித்துக்கொண்டேன். செவ்வாய் மாலை நான்கு மணிக்குள் நல்ல பிரதி அவர் மேசையில் இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை லெட்ஜர் தாளை விரித்து, இந்தியன் இங்க்கில் எழுதத் தொடங்கினேன். 'இதனால் தங்களுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில்' என்று தொடங்கி, ஐந்தாவது வரியில் 'அரைவட்ட' என்ற சொல்வரை வந்தேன். அவர் சொன்னது 'அரைவட்டச் சேதம்'. அங்கே பேனா நின்றது. இரக்கத்தால் நின்றது என்று சொன்னால் என்னை நல்லவளாகக் காட்டும், உண்மை அதுவன்று. வலை நூலில் சிக்கிக் கிழிந்த துடுப்பு நார்நாராகப் பிரியும். அரைவட்டமாக எப்படிக் கிழியும்? ஒரு சொல்லைப் படி எடுக்கும்போது, அது குறிக்கும் பொருளைப் பார்த்தாயா என்று கேட்பது எங்கள் இலக்கிய வகுப்பின் பழக்கம். எழுந்துபோய்ப் பார்த்தேன். அரைவட்டம்தான். விளிம்பு கத்தரித்ததுபோல் இருந்தது. இரண்டாவது மஞ்சள் மீனிலும் இப்போது ஒன்று இருந்தது. முந்திய மாலை அது இல்லை; அதற்குப் பின் வலை எதுவும் தண்ணீரில் இறங்கவில்லை.

மதிய இடைவேளையில் சாப்பாட்டுத் தூக்குடன் தொட்டிக்கு முன் முக்காலியில் அமர்ந்தேன். ஊழிய மீன் மேலும் கீழும் உடம்பை நெளித்து, புத்தகத்தில் சொல்லியபடி ஆடிக்கொண்டு வந்தது. புதிதாகக் கடிபட்ட மஞ்சள் மீன், சவரத்துக்கு உட்கார்ந்தவர்போல் துடுப்பை விரித்து நின்றது. ஊழிய மீன் பணிவாக அருகில் வந்து, பின்பக்கம் சென்று, வாலில் ஒரு கடி கடித்து, ஓடிப்போய்த் தொட்டியின் அடியில் கிடந்த சங்குக்குள் நுழைந்துகொண்டது. மதியம் ஒன்று பத்து. கோயில் வாசலில் செருப்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக வாங்கிவைத்துவிட்டு, அதையே போட்டுக்கொண்டு போகிறவரைப் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு. முதலில் கடிபட்ட மற்றொரு மஞ்சள் மீனோ, அது எந்தப் பக்கம் போனாலும் முகத்தை அந்தப் பக்கமே திருப்பிக்கொண்டு நின்றது. முந்திய நாள் இதைப் பார்த்துத்தான் பேராசிரியர், "எம்புட்டு மரியாதையா நிக்குது பாருங்க" என்றிருந்தார்.

சங்கின் வாயில் தலை மட்டும் தெரிந்தது. இருபது நிமிடம் பார்த்தேன்.

"என்ன தாயி, சோத்தை வச்சுக்கிட்டு மீனையே பாக்குறீக?" என்று கருப்பையா அண்ணன் வந்தார். மூன்றாவது மெமோ எழுதப்படுவது அவருக்குத் தெரியும். துறையில் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, இதுக்கு வாய் மூக்குக்குக் கீழ இருக்கு."

அவர் என்னைக் கவலையோடு பார்த்தார். "எல்லாருக்கும் மூக்குக்குக் கீழதானே தாயி வாய் இருக்கும்? நீங்க மொதல்ல சாப்புடுங்க."

அவரை அழைத்துக்கொண்டு அருங்காட்சியக அறைக்குப் போனேன். இருநூற்றுப் பதினான்காம் குப்பியில், பத்தாண்டுகளுக்கு முன் பேராசிரியரே கொண்டுவந்த ஊழிய மீன் ஒன்று வெளுத்துப்போய் நின்றது. நிறம் போனாலும் வடிவம் போகவில்லை. அதன் வாய் முகத்தின் நுனியில், பென்சில் கூர்போல் முன்னோக்கி இருந்தது. தொட்டியிலிருந்த மீனுக்கோ மூக்கு முன்னே நீண்டு தொங்க, வாய் அடியில் ஒளிந்திருந்தது. ஒரே பாட்டின் இரண்டு ஏடுகளை அருகருகே வைத்து, எல்லா வரியும் ஒத்துப்போக, ஒரே ஓர் இடத்தில் மட்டும் வேறுபடக் கண்டால் மனம் எப்படித் துள்ளுமோ அப்படி இருந்தது. நான் வெளியே துள்ளவில்லை.

"அப்ப இது அது இல்லையா?" என்றார் கருப்பையா அண்ணன், நெடுநேரம் பார்த்துவிட்டு. "அடப்பாவி. இவனுக்கு வேண்டியா மண்டபத்துலேருந்து காத்தடிச்சேன்?"

சான்று வேண்டும். சான்றாகக்கூடிய தடித்த ஆங்கிலப் புத்தகம் பேராசிரியர் அறை அலமாரியில் இருந்தது. சாவி அவர் இடுப்பில். அவர் தவறென்று காட்ட அவரிடமே சாவி கேட்க வேண்டும். மூன்று மணிக்குப் போய், "சார், பலகையில் இலத்தீன் பெயரின் எழுத்துகளைச் சரிபார்க்க வேண்டும்" என்றேன். அது பொய்யன்று. எழுத்துகளையும் சரிபார்த்தேன். அதே பக்கத்தின் கீழே, சிறிய எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. ஊழிய மீனின் நிறத்தையும் கோட்டையும் ஆட்டத்தையும் அப்படியே போலச் செய்து, நம்பி நிற்கும் மீன்களின் துடுப்பைக் கடித்துத் தின்னும் வேறொரு மீன் உண்டு. இரண்டுக்கும் உறவே கிடையாது. வாய் மூக்கின் அடியில் இருப்பதாலும், முதுகுத் துடுப்பு தலையை ஒட்டியே தொடங்குவதாலும் இனங்காணலாம். அனுபவமுள்ள மீன்கள் அதற்குப் பின்பக்கத்தைக் காட்டுவதில்லை.

நான்கு மணிக்குப் பாதி மெமோவையும், இருநூற்றுப் பதினான்காம் குப்பியையும், புதிதாக எழுதிய ஒரு வரைவுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். "சார், நீங்கள் தவறு" என்று என்னால் சொல்ல முடியாது. அது பயமா மரியாதையா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் சீட்டில் ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தேன்: 'வாய் அமைந்த இடம்:'.

"மெமோ எங்க?"

"பாதி எழுதியிருக்கிறேன் சார். அதற்கு முன் இந்த ஒரு வரியை நீங்கள் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாமல் சீட்டு எழுதக் கூடாது என்பது விதி."

விதி என்ற சொல்லுக்கு அவர் எழுந்தார். தொட்டிக்கு முன் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, வழக்கம்போல் மாட்டிக்கொள்ளாமல் கண் மூடினார். "வாய் நுனியில். ஐயமில்லை."

"பார்த்துச் சொன்னால் நல்லது சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. குப்பியை நீட்டினேன்.

அவர் குப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற கருப்பையா அண்ணனைப் பார்த்தார். பிறகு எங்கள் அறியாமைக்கு இரங்கிச் சிரித்தார். "தமிழ், இந்த மீன் மனுஷன் கையைக்கூடச் சுத்தம் பண்ணும். கடல்ல கையை நீட்டினா வந்து நகக்கண்ணைக் கொத்தும். வலிக்கவே வலிக்காது. பாருங்க." சட்டைக் கையை மடித்து, மோதிரமிட்ட விரலைத் தண்ணீருக்குள் நீட்டினார்.

ஊழிய மீன் சங்கிலிருந்து வந்தது. ஆடியது. "பாருங்க, எம்புட்டுப் பணிவு" என்றார். அது விரலைச் சுற்றி ஒருமுறை நீந்தி, மோதிரத்துக்கு மேலே நின்று, கடித்தது.

அவர் கத்தவில்லை. கையை மெதுவாக வெளியே எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்தக் கண்ணாடி வழியாக ஒரு உயிரினத்தின் அடையாளத்தை அவர் பார்த்ததை அன்றுதான் கண்டேன். விரலில், இரண்டு துளி ரத்தத்துக்கு நடுவே, சிறிய, தெளிவான ஓர் அரைவட்டம்.

"சார்" என்றார் கருப்பையா அண்ணன், டிங்சர் புட்டியை நீட்டியபடி, மிகுந்த கரிசனத்தோடு. "வலையை முரட்டுத்தனமாப் பிடிச்சிட்டீங்களோ?"

நான் தரையைப் பார்த்தேன். சிரித்துவிட்டால் நான்காவதாக எனக்கும் ஒரு மெமோ வரும். பேராசிரியர் குனிந்து தொட்டியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். இருநூற்றுப் பதினான்கை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்களை மூடவில்லை. பிறகு, என் பணிக்காலத்தில் ஒரே ஒருமுறை மட்டும் கேட்ட அந்தச் சொல்லைச் சொன்னார்.

"ஐயமிருக்கிறது."

டிங்சர் பட்ட விரலை ஊதிக்கொண்டே அறைக்குள் போனவர், திரும்பி வந்து, "உங்களையெல்லாம் சோதிச்சேன்" என்றார். யாரும் மறுக்கவில்லை. கடிக்கும் மீனை அகன்ற மிட்டாய்க் கடைப் பாட்டிலில் தனியே மாற்றச் சொன்னார். பலகையை மாற்ற நேரமில்லை. "என்ன செய்யணும்னு உங்களுக்கே தெரியும்" என்றார் என்னிடம். மெமோவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது என் கையிலேயே இருந்தது.

மறுநாள் காலை ஏழே காலுக்குக் கல்லூரிக்கு வந்தேன். கருப்பையா அண்ணன் எனக்கு முன்பே வந்து, பலகையைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். இடப்பக்கம் நான்கு விரற்கடை இடம் இருந்தது. அதில் 'போலி' என்று நெருக்கி எழுதினேன்.

"தாயி, மூணாவது மெமோ எனக்கு உண்டா இல்லையா? சொல்லிருங்க, வீட்டுல ராத்திரி பூராத் தூங்கல."

"வந்துச்சு அண்ணே. ஆனா உங்க பேருக்கு இல்ல."

பாதி எழுதிய லெட்ஜர் தாளை மேசையில் விரித்து, ஐந்தாவது வரியைச் சுற்றிச் சீட்டின் அளவுக்குக் கத்தரித்தேன். திருப்பிப்போட்டு, சரியான இலத்தீன் பெயரை எழுதினேன். அதன் கீழே, 'வாய் அமைந்த இடம்: மூக்கின் அடியில்.' அதன் கீழே, விதிப்படி, 'இனங்கண்டவர்: பேராசிரியர் சபாபதி.' இந்தியன் இங்க் காய ஐந்து நிமிடம் ஆகும். காயும்வரை, பாட்டிலுக்குள் யாரும் இல்லாமலே ஆடிக்கொண்டிருந்த அந்த மீனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.